எது சேஃப்?

கம்பம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் சும்மா நின்று, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் போதும். ஒரு குட்டி ஆங்கில வார்த்தை எத்தனை வேஷம் கட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

‘‘சேஃபா போயிட்டு, இறங்குனதும் ஒரு போன் போடுத்தா.’’ - கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிற மகளிடம் அம்மா.

‘‘ஏலக்கா வித்த பணம்ணே... உள்பாக்கெட்ல சேஃபா வைங்க.’’

‘‘கணக்குப் பரீட்சை என்னடா ஆச்சு?’’ ‘‘பாஸு சேஃப் மாமா. அதுக்கு மேல கேக்காதீங்க.’’

‘‘மாப்பிள்ளைக்கு கவர்மென்ட் உத்தியோகம். சேஃபான இடம்.’’

‘‘அவருகிட்ட நியாயம் கேட்டா, ரெண்டு பக்கமும் சேஃபா பேசிட்டு நழுவிருவாரு.’’

இந்த ஐந்து ‘சேஃப்’களும் ஒன்றல்ல. முதலாவது, அடிபடாமல். இரண்டாவது, தொலையாமல். மூன்றாவது, தோற்காமல். நான்காவது, வருமானம் நிற்காமல். ஐந்தாவது, மாட்டிக்கொள்ளாமல். கவனித்தீர்களா... எல்லாமே ‘ஆமல்’! இருப்பதைப் பற்றி இந்த வார்த்தை பேசுவதே இல்லை. வராமல் இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறது. அதை நிரூபிப்பது கஷ்டமாக இருப்பதும் அதனால்தான். சொம்பில் பால் இருக்கிறது என்றால் சொம்பைக் காட்டிவிடலாம். ஆபத்து இல்லை என்பதற்கு எதைக் காட்டுவது?

லத்தீனில் ‘சால்வுஸ்’ என்றொரு சொல். முழுசாக, சேதாரம் இல்லாமல் என்று பொருள். அதிலிருந்து வந்தவைதான் ஆங்கிலத்தின் ‘சேஃப்’, ‘சேவ்’ இரண்டும். நம் ஊரிலும் இதே கதை நடந்திருக்கிறது. வடமொழி ‘க்ஷேமம்’ தமிழில் ‘சேமம்’ ஆனது. சேமத்திலிருந்து ‘சேமிப்பு’ வந்தது. ஆக, எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் நலமாக இருப்பதும் நாலு காசு எடுத்து வைப்பதும் அவன் மனசில் பக்கத்துப் பக்கத்து வீடுதான். நகைக்கடையில் இருக்கிற இரும்புப் பெட்டிக்கே ‘சேஃப்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள் அல்லவா!

இதெல்லாம் அகராதி சமாசாரம். சிக்கல், இந்த வார்த்தையை ஒருவர் இன்னொருவருக்காகச் சொல்லும்போது ஆரம்பிக்கிறது.

தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தீக்குச்சி எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். பெட்டியின் பக்கவாட்டில் உரசினால் மட்டுமே பற்றுகிற குச்சி 19-ம் நூற்றாண்டில் வந்தபோது அதற்கு ‘சேஃப்டி மேட்ச்’ என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். சட்டைப்பையில் வைத்திருப்பவருக்கு அது சேஃப். ஆனால் பெட்டியின் மேல் ‘சேஃப்டி’ என்று அச்சடித்திருந்த அதே காலத்தில், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் உள்ளே குச்சி அடுக்கியவை சின்னஞ்சிறு கைகள். அந்தக் கைகளுக்கு? லேபிளில் அதற்கு இடம் இல்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி: சேஃப்... யாருக்கு?

அரசியலில் ‘சேஃப் தொகுதி’ என்கிறார்கள். தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டிக்கு அந்தப் பட்டம் உண்டு. 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ப்ரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே அங்கே ஜெயித்தார். 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதா அங்கேதான் நின்றார், வென்றார். 2019 இடைத்தேர்தலில் என்ன ஆயிற்று? இரண்டு கட்சிகள் சார்பில் அண்ணன் தம்பியே எதிரெதிராக நிற்க, தொகுதி தி.மு.க.வுக்குப் போய்விட்டது. ஆக, இரண்டாவது கேள்வி: சேஃப்... எதுவரைக்கும்?

அதே மாவட்டத்தில் குரங்கணி. 2018 மார்ச் 11. கொழுக்குமலை பக்கம் மலையேற வந்த இளைஞர்களையும் பெண்களையும் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ‘‘ரெண்டு நாள் ட்ரெக்கிங்தான், சேஃப்’’ என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள் அதில் எத்தனை பேரோ. எந்தப் பாதைக்கு அனுமதி, யார் கொடுத்தது, கோடையில் விடலாமா என்ற கேள்விகள் எல்லாம் தீ அணைந்த பிறகுதான் எழுந்தன. மூன்றாவது கேள்வி: சேஃப் என்றால்... யார் பொறுப்பு?

யாருக்கு, எதுவரைக்கும், யார் பொறுப்பு. இந்த மூன்றையும் கேட்காமல் விழுங்கப்படும் ‘சேஃப்’ ஒரு மயக்க மருந்து.

மருந்து என்றதும் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. வருஷம் முழுக்க திராட்சை பறிக்கிற பூமி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பந்தலுக்குத் தெளிக்கிற பூச்சிக்கொல்லியை நாம் விஷம் என்று சொல்வதில்லை. ‘மருந்து அடிக்கிறோம்’ என்கிறோம். அந்த டப்பாவின் மேல் சாய்சதுரத்தில் ஒரு வண்ணம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு வகை. சிவப்பு கடும் விஷம். அப்படியே குறைந்துகொண்டு வந்து பச்சையில் முடியும். பச்சை என்பதற்குச் சட்டம் கொடுத்த அர்த்தம், விஷம் கொஞ்சம் கம்மி. நாம் எடுத்துக்கொள்ளும் அர்த்தம், விஷமே இல்லை. சிக்னலில் பச்சை விழுந்தால் போகலாம் என்று பழகிய கண் அல்லவா! முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொள்கிறவரிடம் கேட்டால், ‘‘பச்சைதாண்ணே, ஒண்ணும் பண்ணாது’’ என்பார்.

சில நேரம் பதில் சரியாக இருக்கும், கேள்வி வேறாக இருக்கும். போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் பக்கம் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம். ‘‘நியூட்ரினோவால் ஒரு கெடுதலும் இல்லை, நீங்கள் இதைப் படிக்கும் நொடியில்கூட கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகின்றன’’ என்றார்கள் விஞ்ஞானிகள். நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் மலையடிவாரத்து ஜனங்களில் பலர் கேட்டது நியூட்ரினோவைப் பற்றி இல்லை. ‘‘பாறைக்கு வெடி வெச்சா எங்க ஊத்து வத்திருமா? மேய்ச்சலுக்கு மலைக்கு விடுவீங்களா?’’ என்பதுதான் அவர்கள் கேள்வி. விஞ்ஞானியின் ‘சேஃப்’ துகளைப் பற்றியது. விவசாயியின் ‘சேஃப்’ மலையைப் பற்றியது. வழக்குகளுக்குப் பிறகு, இந்தத் திட்டம் வேண்டாம் என்பதே தன் நிலை என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. துகள் தோற்றது என்று சொல்ல மாட்டேன். இரண்டு தரப்பும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசியதால் வந்த வினையும் அதில் உண்டு.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். இந்தப் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு ‘சேஃப்’ என்று யார் சொன்னாலும் மனசு கடைசியில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். முல்லைப் பெரியாறு.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ‘சேஃப்’ என்பதற்கு நம் வீடுகளில் புழங்குகிற தமிழ்ச் சொல் ‘பத்திரம்’. ‘பத்திரமா போயிட்டு வா.’ ரிஜிஸ்டர் ஆபீஸில் எழுதுகிறோமே, அதுவும் பத்திரம். வடமொழியில் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்று ‘பத்ரம்’, நன்மை, மங்கலம். இன்னொன்று ‘பத்ரம்’, ஓலை, இலை. உச்சரிப்பில் அங்கே வித்தியாசம் உண்டு. தமிழ் எழுத்தில் வந்து விழுந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முல்லைப் பெரியாறு தகராறு முழுவதையும் இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். நாம் பத்திரத்தைக் காட்டுகிறோம். அவர்கள் ‘பத்திரமா?’ என்று கேட்கிறார்கள்.

அந்தப் பத்திரம் 1886 அக்டோபர் 29-ல் கையெழுத்தானது. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையில். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய் குத்தகை, 999 வருஷம். 1970-ல் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் என்று உயர்ந்தது. 1887-ல் வேலை ஆரம்பித்து, பென்னிகுவிக் என்ற பொறியாளரின் பிடிவாதத்தில், 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பியது. காட்டுக் காய்ச்சலிலும் நோயிலும் நூற்றுக்கணக்கான கூலிகள் அங்கேயே செத்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். நம்முடைய சேமத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. அந்தக் கணக்கைக் குத்தகைப் பத்திரத்தில் தேடினால் கிடைக்காது.

லோயர்கேம்பில் நின்று பார்த்தால் மலைமேலிருந்து நான்கு பெரிய குழாய்கள் இறங்கி வருவது தெரியும். அந்தக் குழாய்களில் வருவதுதான் பள்ளத்தாக்கின் ஏறத்தாழ 14,700 ஏக்கர் இருபோக நெல். மதுரைக்குக் குடிதண்ணீர். திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் பாசனம். தை மாதம் பொங்கல் வைத்து பென்னிகுவிக்கைக் கும்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. இங்கே காலையில் பேப்பரைப் பிரித்ததும் தங்கம் விலைக்கு முன்னால் கண் தேடுவது அணையின் நீர்மட்டத்தை. இந்த மக்களுக்கு சேஃப் என்றால், தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

மலைக்கு அந்தப் பக்கம்? 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மோர்பி ஊருக்கு மேலே மச்சு அணை உடைந்து, ஊரே அடித்துக்கொண்டு போனது. அந்தச் செய்தி கேரளாவை உலுக்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய பழைய அணை ஒன்று நம் தலைக்கு மேலேயும் இருக்கிறதே என்ற பயம் பிடித்துக்கொண்டது. 152 அடி வரை தேக்க வேண்டிய அணையில் மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பலப்படுத்தும் வரைதான் என்று பேச்சு. தலையில் கான்கிரீட் தொப்பி, முதுகில் கான்கிரீட் சுவர், உடம்புக்குள் இரும்பு வடம் என்று தமிழகப் பொறியாளர்கள் அணையைப் பலப்படுத்தினார்கள். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. உடனே கேரளம் தனிச் சட்டம் போட்டு, 136-தான் என்றது. நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 2012-ல் அறிக்கை தந்தது. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்த நவம்பரிலேயே தண்ணீர் 142-ஐத் தொட்டது.

136-க்கும் 142-க்கும் வித்தியாசம் ஆறடி. மனுஷனுக்குக் கடைசியில் வேண்டியதும் ஆறடி என்பார்கள். இரண்டு மாநிலங்கள் அந்த ஆறடிக்காக எட்டு வருஷம் கோர்ட்டில் நின்றன.

ஆனந்த் குழு செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. ‘சேஃப்’ என்ற வார்த்தையை அது மொத்தமாக விழுங்கவில்லை. மூன்றாக உடைத்தது. வெள்ளம் வந்தால் தாங்குமா? கட்டுமானம் நிற்குமா? பூமி அதிர்ந்தால் என்ன ஆகும்? மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் சேஃப் என்றது. பொறியாளனுக்கு சேஃப் என்பது ஒரு எண். வக்கீலுக்கு அது ஒரு தீர்ப்பு. இரண்டும் அவசியம்.

ஆனால் வண்டிப்பெரியாறில், ஆற்றங்கரையை ஒட்டின வீட்டில், ஆடி மாத ராத்திரியில் மழைச் சத்தம் கேட்டு எழுந்து உட்காருகிறாளே ஒரு பெண்... அவளுக்கு அது எண்ணும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ராத்திரித் தூக்கம். ஒன்று சொல்லட்டுமா? அந்தப் பெண் பயத்தில் சாமியைக் கூப்பிடுவது தமிழிலாகவும் இருக்கலாம். வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969-ல் ஒரு கட்டுரை எழுதினார். மனுஷன் தானாக விரும்பி ஏற்கிற ஆபத்தை, தன்மேல் மற்றவர் சுமத்துகிற ஆபத்தைவிடச் சுமார் 1,000 மடங்கு அதிகமாகச் சகித்துக்கொள்கிறான் என்பது அதன் சாரம். நாம் தினமும் பார்க்கிறதுதான். ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பமெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகிற பெண்களிடம் ‘சேஃபா?’ என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். கொண்டை ஊசி வளைவு அவர்களாக ஏறிக்கொண்ட ஆபத்து. சாயங்காலம் கூலி கையில் வரும். அணைக்குக் கீழே இருப்பவளுக்கு அப்படி இல்லை. அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தண்ணீரில் அவள் வயல் விளையவில்லை. தண்ணீர் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்த விவகாரத்தின் அறச்சிக்கல் இதுதான். அணை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது.

அதற்காக, பயப்படுகிறவர் சொல்வதெல்லாம் நியாயம் என்று ஆகிவிடாது. ‘சேஃப் இல்லை’ என்பதும் ஒரு கூற்றுதான். அதையும் சும்மா சொல்லிவிட முடியாது. பதினாறு அடி இறங்கியபோது கடைமடையில், ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் வயல்கள் காய்ந்தன. ஒருவருடைய பயத்துக்கு இன்னொருவர் பசியால் விலை கொடுக்க வேண்டி வந்தது. பயத்தை ஓட்டாக மாற்றத் தெரிந்தவர்கள் அங்கேயும் உண்டு. கோபத்தை ஓட்டாக மாற்றத் தெரிந்தவர்கள் இங்கேயும் உண்டு. 2011 டிசம்பரில் குமுளி எல்லை கொதித்ததே, அப்போது நஷ்டப்பட்டது யார்? தோட்ட வேலைக்குப் போக முடியாத கூலிக்காரர்கள், காய்கறி அனுப்ப முடியாத விவசாயிகள், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். சேஃப், சேஃப் இல்லை என்று இரண்டு பக்கமும் கத்தின நேரத்தில் ரோட்டில் ஒருத்தரும் சேஃபாக இல்லை.

அப்படியானால் வழி?

நம் வீட்டுப் பேச்சிலேயே ஒரு வழி இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ‘சேஃப்’ பெரும்பாலும் ஒரு பொருளின் மேல் ஒட்டுகிற லேபிள். சேஃப் டேம், சேஃப் தொகுதி, சேஃப் இடம். தமிழில் ‘பத்திரம்’ அப்படி ஒட்டி உட்காருவதில்லை. பத்திரமா வை. பத்திரமா போ. பத்திரமா பாத்துக்க. எப்போதும் அதன் பக்கத்தில் ஒரு வினைச்சொல் நிற்கிறது. வினை இருந்தால் செய்கிற ஆள் ஒருத்தர் இருந்தாக வேண்டும். பத்திரம் என்பது ஒரு பொருளின் குணம் இல்லை. ஒருத்தர் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுக்கும்போது ‘பிள்ளை பத்திரம்’ என்று சொல்கிறோமே, அது சர்ட்டிஃபிகேட் இல்லை. வாங்கிக்கொள்கிற கைக்கு ஒரு உத்தரவு.

‘அணை சேஃபா?’ என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர். ‘அணையைப் பத்திரமா பாத்துக்கிறோமா?’ என்று கேட்டுப் பாருங்கள். வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். கசிவு நீரை அளக்க வேண்டும். மதகை ஓட்டிப் பார்க்க வேண்டும். நிலநடுக்கக் கருவியின் பதிவைப் படிக்க வேண்டும். வெள்ளம் வந்தால் எத்தனை மணிக்கு யாருக்குச் சொல்வது என்று முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். தேக்கடியிலிருந்து படகில் போய் இந்தக் கணக்கை எழுதுகிற பொறியாளர்களுக்கு நாம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. 2021-ல் நாட்டுக்கே அணைப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. நல்லதுதான். அதோடு, அந்த அன்றாடக் கணக்கு வண்டிப்பெரியாறு டீக்கடையிலும் கம்பம் டீக்கடையிலும் ஒரே நாளில், மலையாளத்திலும் தமிழிலும் தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்தவளுக்குப் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயத்துக்கு, கூப்பிட்டால் எடுக்கிற ஒரு போன் நம்பர் வேண்டும்.

அந்த நம்பருக்குப் பின்னால் இருக்கிற ஆள்தான் சேஃப்டி. கான்கிரீட் அவருக்கு உதவி செய்கிறது, அவ்வளவுதான்.

பத்திரம் எழுதுவது ஒருநாள் வேலை. 1886-ல் ஒரு வெள்ளிக்கிழமையில் முடிந்துவிட்டது. பத்திரமாகப் பார்த்துக்கொள்வது அப்படி இல்லை. அது 999 வருஷத்துக்கும், தினமும் காலையில் எழுந்து செய்ய வேண்டிய வேலை.